புருசெத்தின் பதினெட்டுக் கைகள்

தம்பி,

அம்மா சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, கோடு போட்ட கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறா. நான் சொல்லச் சொல்ல எழுதுவா. எழுத்துப் பிழை இருந்தால் அது அவவுடையது, கோபம் இருந்தால் அது என்னுடையது. நாங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மூன்றாம் மாடிக்கு ஏறுகிறபோது முறைப்பாடு வைக்கிறது. அது இந்தக் கடிதத்துக்கு உரிய கதை இல்லை. மூன்று ஞாயிறுகளுக்கு முன் நான் ஹூஸ்டனுக்கு எடுத்த போன் பாதியில் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். போன் அட்டையில் காசு முடிந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அட்டை முடியவில்லை. ரிசீவரை வைத்தது நான். தொடங்கியதுமே ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்மா பேனையை நிறுத்தி என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் இந்த வரியை எழுதினா.

இதன் ஒரு பிரதி, பொங்கலுக்கு வெளிவருகிற எங்கள் தமிழ்ச் சங்கத்து மலருக்கும் போகும். நீ மட்டும் படித்தால் போதாது. இதில் நான் சொல்லப்போகிற பிழை உனக்கு மட்டும் செய்த பிழை இல்லை.

அன்றைக்கு நான் சந்தோசமாகத்தான் போன் எடுத்தேன். நீ அமெரிக்கப் பிரஜை ஆகி ஒரு வருடம். அடுத்த மாதம் அங்கே சனாதிபதித் தேர்தல். வாக்காளர் அட்டை வந்து பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது என்று மருமகள் முதலே சொல்லியிருந்தா.

"என்ன தம்பி, எத்தினை மணிக்குப் போறாய் வோட்டுப் போட?" என்று கேட்டேன்.

"போகேல்லை அப்பா."

"வேலையோ?"

"வேலை இல்லை. பிரயோசனம் இல்லை."

பிறகு நீ பொறுமையாக விளங்கப்படுத்தினாய். அமெரிக்காவில் சனங்கள் சனாதிபதியை நேரே தெரிவு செய்வதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தெரிவாளர்கள் என்று இருக்கிறார்கள், அவர்கள் போடுகிற வாக்குத்தான் முடிவு. உன் டெக்சாசுக்கு முப்பத்து நாலு பேர். மாநிலத்தில் யார் ஒரு வாக்காவது கூட எடுக்கிறாரோ, அவருக்கு அந்த முப்பத்து நாலும் முழுசாகப் போய்விடும். மற்றவருக்குப் போட்டவர்கள் இலட்சக் கணக்கில் இருந்தாலும் ஒரு தெரிவாளர்கூட அவர்களுக்காகப் பேசமாட்டார். "முப்பத்து நாலும் எந்தப் பக்கம் போகும் எண்டு இப்பவே எல்லாருக்கும் தெரியும் அப்பா. நான் மற்றப் பக்கம். என்ர வோட்டு வாசலோடை நிண்டிடும். அதுக்கு ஏன் நான் வரிசையிலை நிக்கோணும்?"

எட்டு வருடத்துக்கு முன் அதே நாட்டில் சில நூறு வாக்குகளில் முழுத் தேர்தலும் தொங்கிக்கொண்டு நின்றதை நான் சொன்னேன். தொலைக்காட்சியில் ஒரு மாதமாகப் பார்த்தோமே. "அது புளோரிடா. நான் இருக்கிறது டெக்சாஸ்" என்றாய். நான் குரலை உயர்த்தினேன். அப்போது நீ சிரித்துக்கொண்டு சொன்னாய்: "உங்களுக்கு இது விளங்கோணும் அப்பா. இது உங்கட சட்டந்தானே. புருசெத்திலை நீங்கள் கண்டுபிடிச்சது."

அந்த இடத்தில்தான் ரிசீவரை வைத்தேன்.

கோபம் வந்தது உண்மை. உன்னோடு என்றுதான் முதல் இரண்டு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ நோர்வே கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த நாட்டுப் பிரஜை ஆனவன். இங்கே இருந்திருந்தால் நூறு பேரில் எட்டுப் பேர் போடுகிற கட்சிக்கும் சபையில் ஏறத்தாழ அந்த அளவுக்கு இடம் கிடைக்கும். அப்படிப்பட்ட வாக்கை விட்டுவிட்டு, வாசலோடு நிற்கிற வாக்கை வாங்கி, அதையும் பிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாய். இதை அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அவவுக்குக் காது புளித்துவிட்டது. "நீங்கள் பெடியனோடை கோவமோ, உங்களோடை கோவமோ?" என்று கேட்டா.

வாக்கு என்றால் என்ன என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, அது உனக்குத் தெரியும். ஊரில் கட்சிச் சின்னத்தின் படத்தைப் பார்த்துத்தான் போடுவோம். ஆனால் நான் வாக்கின் பெறுமதியை அறிந்தது வாக்குப் போட்ட நாளில் இல்லை, போடாத நாளில். நீ அப்போது கைக்குழந்தை. நான் காலையிலேயே கிணற்றடியில் தோய்ந்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். மேசையில் இருந்த பொடியன் என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்கட வோட்டு விழுந்திட்டுது" என்றான்.

"ஆர் போட்டது?"

"நீங்கள்தான்."

நான் என் விரலைக் காட்டினேன். மை இல்லை. "விரலைக் காட்டி என்ன செய்யிறது ஐயா, பேரை வெட்டியாச்சு" என்றான். அந்தப் பெயரை உண்மையிலேயே வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்கக்கூட எனக்கு எழுத்துத் தெரியாது. வெளியே வந்து எதிரிலிருந்த மதகில் குந்தினேன். என்னுடைய பெயரில் போனவன் எப்படி இருப்பான் என்று, போகிற வருகிற ஒவ்வொருவனையும் பார்த்துக்கொண்டு பெட்டியைச் சீல் வைக்கிற மட்டும் இருந்தேன். ஒரு மனுசன் விடியற்காலையில் எழும்பி, பொய் சொல்லி, பிடிபட்டால் அடி விழும் என்று தெரிந்தும் போய் அதைக் களவெடுத்திருக்கிறான். அன்றிலிருந்து யாராவது வாக்கால் என்ன பிரயோசனம் என்று கேட்டால் எனக்குப் பொறுக்காது. உன் வாக்கைக் களவெடுக்கக்கூட டெக்சாசில் ஒருவனும் மினக்கெடமாட்டான் என்று நீ சிரிப்பாய். சிரி. நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கே நகரசபைத் தேர்தலுக்கு முதன்முதல் நான் தனியாகப் போனது நீ அமெரிக்கா போன பிறகுதான். கட்சிக்கு ஒரு தாளாகத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். அம்மா என் உள்ளங்கையில் பேனையால் ஒரு எழுத்தை எழுதி, "இந்த எழுத்திலை துடங்கிற தாளை எடுங்கோ" என்று சொல்லி அனுப்பினா. உள்ளங்கையையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துச் சரியான தாளை எடுத்துவிட்டேன். எடுத்தபிறகு ஊர்ப் பழக்கத்தில் கை சும்மா இருக்கவில்லை. முதலாவது பெயருக்குப் பக்கத்தில் பெரிதாகக் குறுக்குக் கோடு இழுத்து ஒரு புள்ளடி போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் அங்கே புள்ளடி போடத் தேவையில்லை என்று தெரிந்தது. என் வாக்குச் செல்லாமல் போய்விட்டது என்று இரண்டு கிழமை சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் உனக்குப் போன் எடுத்தபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அது பிழையில்லை அப்பா, அந்த ஆளுக்கு நீங்கள் பிரத்தியேகமா ஒரு ஆதரவு குடுத்திருக்கிறியள்" என்றாய். அந்த ஆள் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் நான் போட்ட கோடு ஒன்று எங்கேயோ எண்ணப்பட்டது என்று அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டேன்.

இனி நீ போனில் சொன்ன கடைசி வசனத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் சொல்வதில் அர்த்தம் இல்லை.

சங்கம் தொடங்கின காலத்தில் பொதுக்கூட்டம் எப்போதும் நகரத்துக்குள்தான் நடந்தது. பனி கொட்டுகிற நாளில் மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் வந்தார்கள், தாங்கள் நினைத்ததை நிறைவேற்றினார்கள். எங்களில் பாதிப்பேருக்கு சனி ஞாயிறுதான் வேலை. நான் வைத்தியசாலைச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். அதனால்தான் ஒரு கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன்: நகரத்தின் ஒரு கரையில் இருக்கிற எங்கள் புருசெத் ஆட்கள் புருசெத்தில் கூடட்டும், மறுகரையில் இருக்கிற பியோர்ண்டால் ஆட்கள் பியோர்ண்டாலில் கூடட்டும். அங்கங்கே கை தூக்கி முடிவெடுத்து, ஒரு பகுதிக்கு ஒரு ஆளை அனுப்பட்டும். அந்த ஆள் தன் பகுதியில் எத்தனை பேர் கூடினார்களோ அத்தனை வாக்கையும் கொண்டுவந்து சொல்லட்டும். நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள். இதுவரைக்கும் நல்ல யோசனைதான்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஒருவர் கேட்டார், "பகுதிக்குள்ளை ரெண்டுபட்டால் என்ன செய்யிறது?" நான் யோசிக்காமல் சொன்னேன்: "வீட்டுக்குள்ளை ஆயிரம் இருக்கும். படலைக்கு வெளியிலை ஒரு கதைதான் போகோணும். கூடின பக்கத்துக்கு முழு வோட்டும் போகட்டும்." எங்கள் ஆட்களுக்கு இது சட்டெனப் பிடித்துவிட்டது. தகப்பனும் பெரியப்பனும் காணிக்கு அடிபட்டாலும் கலியாண வீட்டில் ஒன்றாக நின்று வரவேற்கிற சாதி நாங்கள். புருசெத்துக்குள் பிரிவு என்று பியோர்ண்டால்காரர் அறியக்கூடாது, அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். புருசெத்தின் குரலைக் கொண்டுபோகிற ஆளாக என்னையே தெரிவு செய்தார்கள். எழுதத் தெரியாதவனை ஏன் தெரிவு செய்தார்கள் என்றால், எழுதத் தேவையில்லாதவன் என்பதால். எந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார், எந்தக் கதிரையில் இருந்து சொன்னார் என்று என்னிடம் கேட்டால் போதும். நான்தான் புருசெத்தின் கூட்டக் குறிப்பு.

பிறகு அந்தத் தமிழ் வகுப்பு விசயம் வந்தது. அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு புருசெத்தில் மட்டும்தான் நடந்தது. பியோர்ண்டால் பிள்ளைகள் பஸ் பிடித்து, சுரங்க ரயில் மாறி, நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வரவேண்டும். தங்களுக்கும் ஒரு வகுப்பு வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களுக்காகக் கதைத்தது நாகேஸ்வரி, மூன்று பிள்ளைகளின் தாய். "எங்கட பிள்ளையள் படிக்கிறது பாதி, பஸ்ஸிலை நித்திரை கொள்ளுறது பாதி" என்று அவ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நீ அப்போது வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக் கொண்டிருந்தாய். பியோர்ண்டால் பிள்ளைகள் நனைந்த சப்பாத்தோடு வந்து, எழுதாமல் தூங்கி விழுவதை நீ கண்டவன்.

புருசெத் கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தோம். இரண்டாவது வகுப்பு வேண்டாம் என்று இருபத்திரண்டு கை. வேண்டும் என்று பதினெட்டுக் கை. நான் இருபத்திரண்டில் ஒருவன். எங்கள் வகுப்பறை நிறைந்து இருப்பதில் எனக்கு ஒரு பெருமை, அதைப் பங்குபோட மனமில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. பதினெட்டில் கடைசியாகத் தூக்கிய கை உன்னுடையது. தகப்பனுக்கு எதிராகத் தூக்குகிறோமே என்று முதலில் தயங்கினாய், பிறகு என்னைப் பார்க்காமல் தூக்கினாய். பியோர்ண்டாலில் இருபது பேர், இருபது பேருமே வேண்டும் என்றார்கள்.

அடுத்த நாள் பொதுக்கூட்டத்தில் நான் எழும்பி நின்று சொன்னேன்: "புருசெத், நாப்பது. வேண்டாம்." பியோர்ண்டால், இருபது, வேண்டும். தலைவர் கூட்டிப் பார்த்து, வேண்டாம் என்று முடிவு சொன்னார். உண்மையில் தலைக்குத் தலை எண்ணியிருந்தால் வேண்டும் என்றது முப்பத்தெட்டுப் பேர், வேண்டாம் என்றது இருபத்திரண்டு பேர். பகுதிக்கு ஒரு ஆள் போனால் போதும் என்பதால் புருசெத்தில் இருந்து வந்தது இரண்டு பேர், இதை எண்ணிப் பார்க்கக்கூடியவர்களும் அந்த இரண்டு பேர்தான். ஒன்று நான். மற்றது, பின்வரிசையில் இருந்த நீ.

வீட்டுக்கு வருகிற ரயிலில் நீ கேட்டாய், "அப்பா, என்ர கை எங்கை போனது?"

"பெரும்பான்மையோடை போனது."

"நான் வேணும் எண்டு தூக்கினனான். நீங்கள் அதை வேண்டாம் எண்டு எண்ணினியள். வராமல் இருந்திருந்தால் புருசெத் முப்பத்தொன்பதாய் இருந்திருக்கும். நான் வந்ததாலை அவைக்கு எதிரா ஒரு வோட்டுக் கூடினது."

நான், "சட்டம் எண்டால் சட்டம், வாயைப் பொத்திக்கொண்டு வா" என்றேன். எதிரே இருந்த நோர்வேக் கிழவி, மொழி விளங்காவிட்டாலும், தலையைத் திருப்பிக்கொண்டா. நீ அதற்குப் பிறகு புருசெத் கூட்டம் ஒன்றுக்கும் வரவில்லை. படிப்பு என்றாய், வேலை என்றாய். நானும் அதை நம்பினதுபோல இருந்தேன். இப்போது ஹூஸ்டனில் இருந்துகொண்டு நீ சொல்வது அன்றைக்கு ரயிலில் சொன்னதேதான்.

என் பிழை அந்தச் சட்டத்தைச் சொன்னது மட்டும் இல்லை. சட்டம் எல்லாரும் கைதட்டி வைத்த சட்டம். பதினெட்டுப் பேர் மாறாக நின்றார்கள் என்று மண்டபத்தில் ஒரு சொல்லுச் சொல்ல எந்தச் சட்டமும் என்னைத் தடுக்கவில்லை. எனக்குத் தெரியும். ஒவ்வொரு கையும் எந்தக் கதிரையில் இருந்து எழும்பியது என்று தெரியும். வேறு ஒருவரும் எழுதி வைக்கவில்லை, என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அதை நான் வெளியே விடவில்லை.

அதன் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. முதலில் பியோர்ண்டால்காரர் குறைந்தார்கள். வந்து என்ன, முடிவு புருசெத்துடையது. பிறகு புருசெத்துக்குள்ளேயே அந்தப் பதினெட்டுப் பேரும் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். அதற்குப் பிறகு, வெல்லுகிற பக்கத்தில் இருந்தவர்களும் வருவதை விட்டார்கள், வராவிட்டாலும் வெல்லும் என்பதால். இரண்டு மூன்று வருடத்துக்கு முன் ரயிலில் நாகேஸ்வரியைக் கண்டேன். கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்று பெரிய மனுசத்தனமாகக் கேட்டேன். "முடிவைப் போனிலை சொல்லுவினம் அண்ணை. அது எங்களுக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா.

ஊரில் நடப்பதைப் பற்றி இதில் நான் எழுதச் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அங்கே சனாதிபதித் தேர்தலில் எங்கள் சனம் வாக்குப் போடாமல் வீட்டில் இருந்ததையும், அதற்குப் பிறகு வந்த சண்டையையும் நானும் அம்மாவும் செய்தி கேட்கிற ஒவ்வொரு நாளும் நினைக்கிறோம். அதைத் தொடங்கினால் கொப்பி முடிந்துவிடும்.

உன் போனுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை புருசெத் கூட்டம். பதினைந்து வருடம் கழித்து அதே விசயம். பியோர்ண்டாலில் ஒரு வகுப்பு வேண்டும் என்று நாகேஸ்வரி திரும்பவும் கேட்டிருந்தா, இந்தமுறை பேரப்பிள்ளைகளுக்காக. நாற்பது பேர் இருந்த இடத்தில் பதினொரு பேர் இருந்தோம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு எஞ்சினியர் தம்பி புதிதாக வந்திருந்தார். "ரிசல்ட் எல்லாருக்கும் தெரியும்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு சார் மீட்டிங்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உன் குரல் கேட்டதுபோல இருந்தது. கை தூக்கச் சொன்னபோது வேண்டாம் என்று ஒன்பது கை. வேண்டும் என்று நான் தூக்கினேன். பக்கத்தில் இன்னொரு கை எழும்பியது, பார்த்தால் அம்மா. அவ இதற்கு முன் எனக்கு மாறாகத் தூக்கியதும் இல்லை, எனக்காகத் தூக்கியதும் இல்லை, தூக்கியதே இல்லை. வெளியே வந்து ஏன் என்று கேட்டேன். "கலியாணம் கட்டின நாள் தொட்டு வீட்டிலை எனக்கு உங்கட சட்டந்தானே. ரெண்டு பேர், ஒரு முடிவு, முழுசும் உங்களுக்கு. இண்டைக்கு எண்டாலும் தனியா எண்ணட்டும் எண்டு தூக்கினனான்" என்றா. இதை எழுத மாட்டேன் என்று இப்போது அடம்பிடித்தா. நான்தான் எழுதச் சொன்னேன்.

புருசெத்தின் குரலை இப்போது கொண்டுபோகிறவர் பரமலிங்கம், பஸ் ஓடுகிறவர். ஞாயிறு அவருக்கு வேலை. "ஐயா, பழையபடி நீங்களே சொல்லிவிடுங்கோ. உங்களுக்குத்தான் ஒண்டும் மறக்காது" என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரைகள்தான் கூட. பியோர்ண்டாலில் இருந்து நாகேஸ்வரியோடு மொத்தம் நாலு பேர். தலைவர், "புருசெத்?" என்றார். நான் எழும்பினேன். "ஒன்பது வேண்டாம். ரெண்டு வேணும்."

"ஐயா, சட்டப்படி பதினொண்டு வேண்டாம் எண்டெல்லோ வரும்."

"சட்டம் சொன்னது நான். எனக்குச் சொல்லித்தர வேண்டாம். பதினொண்டு எண்டு நீங்கள் கூட்டுங்கோ. நான் நடந்ததைச் சொல்லுறன்."

பிறகு இருக்காமல் நின்றபடியே, பதினைந்து வருடத்துக்கு முன் புருசெத் நாற்பது வேண்டாம் என்று நான் இதே மாதிரி ஒரு மண்டபத்தில் சொன்னேன், அது முழு உண்மை இல்லை என்றேன். பதினெட்டுப் பேர் வேண்டும் என்று கை தூக்கினார்கள், பெயர் சொல்கிறேன் என்றேன். முன் வரிசையில் இடமிருந்து தொடங்கினேன். மீன் கடை தர்மர். தர்மரின் பெண்சாதி. ரக்சிக் கார் ஓடின ஜெயம். இரட்டைப் பிள்ளைகளின் தாய் பவளம். ஒவ்வொரு பெயரையும் ஆறுதலாகச் சொன்னேன். பதினெட்டில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. தர்மர் அதில் ஒருவர். மகளோடு பியோர்ண்டாலுக்கு மாறிப்போன அவருடைய பெண்சாதி, நாகேஸ்வரியோடு வந்த நாலு பேரில் ஒருவராக மூன்றாவது வரிசையில் இருந்தா, தலையைக் குனிந்துகொண்டு சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தா. பதினெட்டாவதாக, "என்ர மகன்" என்று சொல்லி உன் பெயரைச் சொன்னேன்.

செயலாளர் பிள்ளை பேனையோடு என்னைப் பார்த்து, "இதையும் குறிப்பிலை எழுதிறதோ ஐயா?" என்று கேட்டா.

"எழுது பிள்ளை. பேரோடை எழுது."

நாகேஸ்வரி விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தா. பிறகு நிமிர்ந்து, "அப்ப அண்டைக்கு நாங்கள் வெண்டிருக்கிறம்" என்றா. கொஞ்சம் கழித்து, "பதினைஞ்சு வருசம் இதை மனசுக்குள்ளை வச்சிருந்தியளோ அண்ணை?" என்றா. ஓம் என்றேன். அவ என்னை மன்னித்ததாக நினைக்காதே. கூட்டம் முடிந்து போகும்போது முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

நாங்கள் தோற்றுவிட்டோம், தம்பி. எனக்கு நித்திரை வராமல் செய்வது இதுதான்: இந்தமுறை சட்டத்தை விட்டுவிட்டுத் தலைக்குத் தலை எண்ணினாலும் தோல்விதான். வேண்டாம் ஒன்பது, வேண்டும் ஆறு. அன்றைக்கு முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள், சட்டம் அவர்களை விழுங்கியது. இன்றைக்குச் சட்டத்தைக் கிழித்தெறியலாம் என்றால், அந்த முப்பத்தெட்டுப் பேர் இல்லை. போய் என்ன பிரயோசனம் என்று ஒவ்வொருவராக வீட்டில் இருந்துவிட்டார்கள். அவர்களை வீட்டில் இருத்தியவன் நான்.

உன் கணக்கோடு நான் அடிபட வரவில்லை. டெக்சாசில் உன் ஒரு வாக்கு ஒன்றையும் புரட்டாது. மூன்று கிழமையாக இருந்து யோசித்தும் அதற்கு மறுமொழி கிடைக்கவில்லை. அந்தச் சட்டம் அநியாயம்தான். அதே அநியாயத்தை என் வாயால் செய்தவன் சொல்கிறேன். ஆனால் உன் நாட்டில் ஒன்று இருக்கிறது, அது என் மண்டபத்தில் இருக்கவில்லை. அங்கே தோற்ற பக்கத்தின் எண்ணிக்கையையும் எழுதி வெளியில் விடுகிறார்கள். முப்பத்து நாலும் மற்றவருக்குப் போனாலும், எத்தனை பேர் வேண்டாம் என்று நின்றார்கள் என்று தாளில் இருக்கும். என்றைக்காவது அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று ஒருவன் எழும்பினால், அந்தத் தாளைத்தான் கையில் எடுப்பான். வீட்டில் இருந்தவனை அந்தத் தாளில் தேட முடியாது. அவனுக்கு விருப்பம் இருந்ததா, சோம்பலா, செத்துப்போனானா என்று ஒருவருக்கும் தெரியாது. பதினைந்து வருடம் ஒருவனுடைய தலைக்குள் மாத்திரம் இருந்த கை என்ன கதிக்கு ஆளாகிறது என்று நீ அறிவாய், அது உன் கை.

இன்னும் ஒன்று. உன் வீட்டில் இப்போது நாலு பேர். பிள்ளைகள் இரண்டும் ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமுமாக நிற்கிற நாள் வரும். நீ தகப்பன், உன் முடிவுதான் நடக்கும், நடக்கட்டும். ஆனால் முடிவைச் சொல்கிறபோது, "நீங்கள் இப்பிடிச் சொன்னனீங்கள், நான் கேக்கேல்லை" என்று சேர்த்துச் சொல். அந்த ஒரு வசனத்தை நான் ரயிலில் சொல்லியிருந்தால் நீ அடுத்த கூட்டத்துக்கும் வந்திருப்பாய்.

அம்மா நாளைக்குத் தபாலில் சேர்ப்பா. ஒரு கிழமையில் கிடைக்கும், தேர்தல் செவ்வாய்க்கிழமைக்கு அதன் பிறகும் நாள் இருக்கும். பிரிட்ஜில் இருக்கிற அட்டையை எடுத்துக்கொண்டு போ. யாருக்குப் போடுகிறாய் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. இதையெல்லாம் வாசித்த பிறகும் போக மனம் வராவிட்டால், எனக்குப் போன் எடுத்து, "நான் போகேல்லை அப்பா" என்று வாய் திறந்து சொல். இந்தமுறை நான் ரிசீவரை வைக்கமாட்டேன். கேட்டு, அதையும் ஞாபகத்தில் வைத்திருப்பேன்.

அப்பா